சம்மந்தி வெட்டிய முகத்துவாரம்

புது வீட்டின் முன்கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு ரப்பர்ச் செருப்பு மிதந்து வந்து என் காலில் முட்டி நின்றது.

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை என் மகள் றிஸ்னாவுக்குக் கலியாணம். அந்த வீடு அவளுக்காகக் கட்டிய சீதன வீடு. எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த வயல் துண்டை மண் போட்டு நிரப்பிக் கட்டி, அந்தக் கிழமைதான் பெயின்ட் அடித்து முடித்திருந்தோம். உள்ளே போனால் கணைக்கால் முழுகத் தண்ணீர். மணமக்களுக்கென்று வாங்கிய கட்டிலின் நான்கு கால்களும் தண்ணீருக்குள் நின்றன. அலுமாரியின் அடிப்பலகை ஊறத் தொடங்கியிருந்தது. வார்னிஷும் சேறும் கலந்த அந்த மணம் இன்றைக்கும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

"றிஸ்னாட வாப்பா" என்று கூப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஹனீபா சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அறை அறையாக நடந்து பார்த்தார். சமையலறை வரை போய்த் திரும்பி வந்தார்.

"கொஞ்சம் தண்ணி வந்திரிக்கி" என்றார்.

"கொஞ்சமா? செருப்பு நீந்தி வருது."

"மழ விட்டா வத்திரும் புள்ள."

மழை விடுகிற மழையாக இல்லை. வாடைக்காற்றோடு வந்த அடைமழை. வியாழன் இரவு முழுதும் தகரத்தில் கல் எறிவது போலப் பெய்திருந்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை. பயம்தான். தண்ணீரை விட, என் சம்மந்தி சுபைதாவை நினைத்துத்தான் பயம்.

ஏன் என்று சொல்ல, வீதிக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் நடந்து வரவேண்டும்.

வீதிக்குக் கிழக்கே, வீதிக்கு மேற்கே

எங்கள் கரையில் ஊர்களுக்கு அகலம் கிடையாது, நீளம்தான் உண்டு. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு மணல் மேடு. அந்த மேட்டின் முதுகில் பிரதான வீதி போகிறது. கல்முனையில் பஸ் ஏறி காரைதீவு தாண்டிப் போகிறவருக்கு, ஒரே ஊர் முடியாமல் வந்துகொண்டே இருப்பது போலத் தோன்றும்.

மத்தியானம் எங்கள் கோப்பையில் விழுகிற சோறு மேற்கிலிருந்து வரும். அதன் மேல் ஊற்றுகிற மீன் ஆணம் கிழக்கிலிருந்து வரும். இரண்டும் சந்திக்கிற இடம் எங்கள் வயிறு. ஆனால் மனிதர்கள் அவ்வளவு லேசில் கலந்துவிட மாட்டார்கள்.

கடற்கரைப் பக்கத்தார் சத்தமாகக் கதைப்பார்கள். அலையை மீறிக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவர்கள் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் "ஓம்" என்று பதில் வரும். வயல் பக்கத்தாராகிய எங்களைப் பற்றி அவர்களுக்கும் ஒரு பேச்சு உண்டு: கேட்ட கேள்விக்குப் பதில் வர ஒரு போகம் ஆகும் என்பார்கள். அவர்களுடைய கேற்றும் சைக்கிளும் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கொட்டும். எங்களுடைய செருப்பில் களிமண் ஒட்டி, வீட்டுக்குள் வரும்போது ஆள் ஒரு விரற்கடை உயர்ந்திருப்போம்.

பெரிய வித்தியாசம் மழையில் தெரியும். அவர்களுடைய முற்றம் வெள்ளை மணல். எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும். மழை விட்ட கையோடு பாய் போட்டு உட்காரலாம். எங்கள் பக்கம் அப்படியல்ல. மழை எங்கேயோ தூரத்து மலையில் பெய்தாலும், வாய்க்காலும் வயலுமாக இறங்கி எங்கள் கொல்லைக்கு வந்து இருந்துவிடும். மணலில் பிறந்தவர்களுக்கு நிற்கிற தண்ணீர் என்றால் என்னவென்று விளங்காது.

இந்த நெருக்கத்துக்குள் எங்களிடம் ஒரு வழக்கம். பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில்தான் குடியிருப்பார். நான்கு பெண்கள் என்றால் நான்கு வீடு. வளவு நாலாய்ப் பிரியும், அடுத்த தலைமுறையில் இன்னும் பிரியும். கிழக்கே தள்ளிப்போகக் கடல் விடாது. ஆகவே மேற்கே தள்ளுவோம், வயலை நிரப்புவோம். நாங்கள் செய்ததும் அதுதான்.

றிஸ்னாவைப் பெண் கேட்டு வந்தது கடற்கரைப் பக்கத்திலிருந்து. மாப்பிள்ளை சப்ரி, கல்முனையில் ஒரு கடையில் கணக்கு வேலை. தகப்பன் ஆதம்பாவா கரைவலை முதலாளி. தாய் சுபைதா. வந்த அன்றைக்குச் சுபைதா பெண்ணைப் பார்த்தாள், சிரித்தாள், தலையைத் தடவினாள். பிறகு எழும்பிப் போய், கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பார்த்தாள். பின்னால் பச்சையாகக் கிடந்த வயலையும் பார்த்தாள்.

"மச்சி, இந்த இடத்தில தண்ணி நிக்குமா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறக்கமுன் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "வல்லாஹி, ஒரு சொட்டு நிக்காது" என்று சத்தியம் பண்ணினார்.

உயர்ந்த முற்றம்

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர், "என்னப் பத்தி நல்லதா ஒண்டும் எழுத மாட்டியா?" என்று கேட்டார். இந்த வாரமும் முடியாது போலிருக்கிறது.

வீட்டை அவர் போதிய உயரத்தில்தான் கட்டினார். அதில் குறை சொல்ல மாட்டேன். கட்டி முடித்த பிறகுதான் அவருக்கு ஆசை வந்தது. மாப்பிள்ளை வந்து இறங்கும் முற்றம் சேறாக இருக்கக்கூடாது. பந்தல் போடவேண்டும், கதிரை அடுக்கவேண்டும், கடற்கரைச் சனம் செருப்பில் மண் ஒட்டாமல் நடக்கவேண்டும். ஆகவே கிறவல் மண் ஏற்றி முற்றத்தை உயர்த்தினார். உயர்த்தினார், இன்னும் உயர்த்தினார். கடைசியில் முற்றம் வீட்டுத் தரையை விட மேலே போய்விட்டது. வீதியிலிருந்து பார்த்தால் அழகாக, காய்ந்து, சிவப்பாகக் கிடந்தது.

பின்பக்கம் வயல் தண்ணீர் ஏறி உள்ளே வந்தது. முன்பக்கம் வெளியே போக வழியில்லை. என் மகளின் சீதன வீடு சோற்றுச் சட்டி மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. பந்தல் போட்ட முற்றத்தில் மட்டும் ஒரு சொட்டு நிற்கவில்லை. அந்த அளவில் சத்தியம் மெய்தான்.

றிஸ்னா பழைய வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். அழவில்லை. "மாமி இதப் பாத்தா என்ன சொல்லுவா உம்மா?" என்று மட்டும் கேட்டாள். வீடு சரியில்லை என்று கலியாணம் நின்றுபோன கதைகள் எங்கள் ஊரில் உண்டு. அப்படி நின்றுபோனால் அந்தப் பெண்ணின் பெயரோடு வீட்டின் குறையும் ஒட்டிக்கொள்ளும்.

வாளியால் அள்ளி ஊற்றிப் பார்த்தோம். அள்ள அள்ள ஊறியது.

பூட்டிக் கிடந்த கடல்

ஜும்ஆத் தொழுகைக்கு முன்னமே இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோணாவைப் பார்க்கப் போனார். தோணா என்பது வயலின் மிச்சத் தண்ணீரை ஊருக்குள்ளால் கடலுக்குக் கொண்டுபோகிற ஓடை. அது கடலைத் தொடும் இடம்தான் முகத்துவாரம். மழையில்லாத மாதங்களில் அலை மணலை அள்ளிப்போட்டு அந்த வாயை மூடிவிடும். மாரியில் வெட்டித் திறந்தால்தான் தண்ணீர் போகும். அந்த வருடம் இன்னும் வெட்டவில்லை.

அங்கே காரைதீவுத் தங்கராசா அண்ணன் குடையோடு நின்றாராம். இவரோடு ஒரு காலத்தில் பக்கத்து வரம்பில் வெள்ளாமை செய்தவர்.

"என்ன ஹனீபா, மகள்ற கலியாண நேரத்தில இஞ்ச நிக்கிறாய்?"

"தண்ணி பாக்க வந்த அண்ணன். ஏன் இன்னும் வெட்டல்ல?"

"நாங்களும் அதத்தான் கேட்டு நிக்கிறம். என்ட விதைப்பு முழுக்கத் தண்ணிக்குள்ள. மண் தோண்டுற பெக்கோ அனுப்புறதுக்கு அரசாங்க ஆக்கள் ரெடி. கரைக்காரர் ஓம் எண்டு சொல்லோணுமாம். வாய் விழுற இடத்தில ஒருத்தர்ற வாடியும் தோணியும் நிக்கிது."

"ஆர்ர வாடி?"

தங்கராசா அண்ணன் சிரித்திருக்கிறார். "ஒனக்குத் தெரியாதா? ஒன்ட சம்மந்திர."

இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் வெளியேற வேண்டுமானால் மாப்பிள்ளையின் தகப்பன், கரையில் வலை வைக்கும் கொட்டிலான தன் வாடியைக் கழற்ற வேண்டும். ஏன் என்று கேட்டால், வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் கலியாணத்தின் கதி தெரியாது.

"வெள்ளாமை அழுகுது எண்டு சொல்லிக் கேப்பம்" என்றார் இவர். "வீட்டக் கதைக்கத் தேவல்ல."

தொதலோடு போனோம்

ஜும்ஆ முடிந்து ஓட்டோவில் போனோம். சும்மா போகக்கூடாதே என்று ஒரு தட்டுத் தொதல் பலகாரமும் கொண்டுபோனோம். வீதியைக் கடந்ததும் தெரு மணல் வெளுத்துக் கிடந்தது. அவ்வளவு மழைக்கும் ஒரு குட்டை இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

ஆதம்பாவா காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) பெரிய உடம்புக்காரர். இவரை அணைத்து உட்காரவைத்தார். இவர் மழையைப் பற்றிக் கதைத்தார், மழையைப் பற்றியே திரும்பவும் கதைத்தார், பிறகு மெதுவாக முகத்துவாரத்துக்கு வந்தார்.

"வெட்டினா நல்லம் மச்சான். வெள்ளாமை அழுகிடும்."

"ஒங்களுக்குத்தான் வயலே இல்லையே மச்சான். இருந்த துண்டையும் நிரப்பி வீடு கட்டிட்டீங்க."

"மத்த ஆக்கள்ற வெள்ளாமை."

ஆதம்பாவா காக்கா தாடியைத் தடவினார். "மெய்தான். அவங்கட வவுத்திலயும் அடிக்கப்படாது. ஆனா வெட்டினா என்ட வாடி போகும். வலை இழுக்கிற கரை போகும். வாடைக்குத் தொழில் இல்ல, சும்மாதான் இரிக்கம். கச்சான் காத்து வந்து கடல் அடங்கினாப் பொறகு நான் எங்க நிண்டு வலை இழுக்கிற? என்னோட எத்தின குடும்பம் இழுக்குது. கலியாணம் முடியட்டும், திங்கள் பாப்பம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடலில் வலை போட எல்லா இடமும் ஒன்றல்ல. இன்னாருக்கு இன்ன பாடு என்று கரையில் பங்கு உண்டு. அந்தப் பாடு கெட்டால் அந்த ஆளுக்கு அந்த வருடம் கெட்டதுதான்.

அப்போது சுபைதா தேத்தண்ணியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மச்சி, நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்ன சப்ரிட உடுப்புப் பெட்டியும் சாமானும் கொண்டு வாறம். அறையையும் ஒருக்காப் பாக்கோணும்."

இவர் என்னைப் பார்த்தார். கண்ணால் வேண்டாம் என்றார். எனக்கு அந்தக் கண்ணைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. நாளைக்கு வந்து பார்க்கப்போகிறவளிடம் இன்றைக்கு மறைத்து என்ன கிடைக்கும்?

"மச்சி, வீட்டுக்குள்ள தண்ணி நிக்கிது" என்றேன்.

சத்தமாகக் கதைக்கிற வீடு அப்படி அடங்கியதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"எவ்வளவு?" என்றாள் சுபைதா.

"கணைக்காலுக்கு மேல."

அவள் இவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சத்தியம் பண்ணினீங்களே மச்சான்."

"பண்ணின நேரம் தண்ணி இல்ல" என்றார் இவர். முகம் சிறுத்துப் போயிருந்தது.

சுபைதா எழும்பி உள்ளே போனாள். அவள் திரும்பி வரும் வரைக்கும் நான் என் மகளை நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குச் சொல்லியாகிவிட்டது, விருந்துக்கு மாடு வாங்கியாகிவிட்டது, அவள் கைக்கு மருதோன்றி அரைக்க இலை பறித்து வைத்திருந்தது. யா அல்லாஹ், பிள்ளையைக் கைவிட்டுவிடாதே என்று மனதுக்குள் சொன்னேன்.

சுபைதா புருசனின் கைத்தொலைபேசியோடு வந்தாள். அதை அவர் மடியில் வைத்தாள்.

"வாடியக் கழட்டச் சொல்லுங்க."

"என்ன?"

"ஞாயிறுக்குப் பொறகு ஒங்கட மகன் எங்க படுக்கிற? இஞ்சயா? அந்த வீட்ட தானே. வாடியில கிடக்கிறது வலை. அந்த வீட்ட கிடக்கப்போறது நம்மட புள்ள. அவன்ட வீட்டுக்குள்ள தண்ணி நிக்கிது, நீங்க கரையக் கதைக்கீங்க."

ஆதம்பாவா காக்கா தொலைபேசியைப் பார்த்தார், கடற்கரைப் பக்கம் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு இலக்கத்தை அழுத்தி, கடலுக்கே கேட்கிற சத்தத்தில் தன் ஆட்களைக் கூப்பிட்டார்.

மாப்பிள்ளையைப் பெண் வீட்டில் குடிவைக்கிற வழக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்வார்கள். வீடு கட்டியே வாப்பாமார் முதுகு முறிந்தது என்று நானே திட்டியிருக்கிறேன். இனியும் திட்டுவேன். ஆனால் அன்றைக்கு அந்த வழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. கடற்கரைக்காரியின் பிள்ளை வயல் பக்கம் படுக்கப்போனபடியால், எங்கள் தண்ணீர் அவளுடைய தண்ணீரும் ஆகிவிட்டது.

கடலும் தோணாவும்

சனிக்கிழமை காலை மழை தூறலாகக் குறைந்திருந்தது. கரையில் சனம் கூடிவிட்டது. ஒரு பக்கம் வலை இழுக்கிறவர்கள், மறுபக்கம் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கத்து வெள்ளாமைக்காரர்கள். வழமையாக முகத்துவாரம் வெட்டுகிற நாளில் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நிற்கும். அன்றைக்கு வயல்காரர்கள் இறங்கித் தோணிக்குத் தோள் கொடுத்தார்கள். தங்கராசா அண்ணன் குடையை மடக்கிவிட்டு வாடியின் கூரைக் கிடுகுகளைக் கழற்றினார். வலைகளை ட்ரக்டரில் ஏற்றினார்கள். நானும் முக்காட்டை இழுத்துக்கொண்டு தாழங்காட்டுப் பக்கம் நின்று பார்த்தேன். வீட்டில் நின்றால் பைத்தியம் பிடித்திருக்கும்.

பெக்கோ மணலைத் தோண்டி ஒரு வழி போட்டது. தோணாப் பக்கம் கொஞ்ச மணலை மட்டும் வரம்பு போல விட்டு வைத்தார்கள். கடல் வற்றும் வரை காத்திருந்தார்கள். பிறகு ஆதம்பாவா காக்கா மண்வெட்டியை வாங்கினார். தன்னுடைய கரையைத் தானே வெட்டுவேன் என்றார். பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு கையளவு அகலத்துக்குத்தான் கீறினார். அதற்குமேல் மனிதன் வெட்டத் தேவையில்லை. மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும்.

கறுத்த தண்ணீர் ஒரு பாம்பு போல இறங்கி ஓடியது. நான் மூச்சு விடுவதற்குள் ஒரு பெரிய அலை எழும்பி வந்து அதைத் திருப்பி அடித்தது. வெட்டிய வழியில் பாதி மணலால் மூடிக்கொண்டது. இவர் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார்.

ஆதம்பாவா காக்கா திரும்பவும் கீறினார். தண்ணீர் தயங்கியது, பிறகு போனது. அடுத்த அலை வந்து முட்டியது, இந்த முறை தண்ணீர்தான் வென்றது. அதற்குப் பிறகு கண்ணால் பிடிக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. மிதந்து கிடந்த ஆற்றுவாழைச் செடிகளும் போத்தல்களும் யாருடையதோ ஒரு வாளியும் அடித்துக்கொண்டு கடலுக்குள் போயின. கொஞ்ச நேரத்தில் கையளவு வழி ஒரு ஆறாகிவிட்டது. வாடி நின்ற இடமும் அதற்குள் போனது.

ஆதம்பாவா காக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"மச்சான், ஒங்கட கரை."

"போகட்டும். கச்சானுக்குக் கடலே திருப்பி மூடும்" என்றார் அவர். சொன்னபடி மூடத்தான் செய்தது. ஆனால் அவருடைய பாடு பழையபடி வர அந்தப் போகம் முழுதும் பிடித்தது. அவர் அதைப்பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

நான் வீட்டுக்கு ஓடினேன். பின்வாசல் படியில் ஒரு படி வெளியே தெரிந்தது. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், இரண்டாவது படி தெரிந்தது. அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். ஆறுதலில் வருகிற அழுகைக்கு ஒரு சுகம் இருக்கிறது, வயிறு லேசாகிவிடும்.

சொன்னபடி அஸருக்கு முன்னமே சுபைதா வந்தாள். வாகனம் கிடைக்கவில்லையாம். வலை ஏற்றிய அதே ட்ரக்டரில், வலைக்குவியலுக்கு மேல் மகனின் உடுப்புப் பெட்டியை வைத்துக் கொண்டு வந்திறங்கினாள். வைக்க வேறு இடமில்லாததால் வலையைக் கலியாணப் பந்தலின் ஒரு மூலையில் போட்டார்கள். மீன் மணம் பந்தலை நிறைத்தது. அதை மூட இவர் வாங்கிவந்த சாம்பிராணி போதவில்லை.

தரையெல்லாம் சேறு. நானும் என் நாத்தனாரும் தரை தேய்க்கத் தும்புத்தடியோடு நின்றோம். சுபைதா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அறைக்குள் போனாள்.

"மச்சி, நீங்க கழுவுறதா? மாப்பிள்ளட உம்மா கழுவினா எங்களுக்கு ஒரு மாதிரி" என்றேன்.

"என்ட புள்ள படுக்கிற அறைய நான் கழுவாம ஆர் கழுவுற? தண்ணிய ஊத்துங்க கா" என்றாள்.

சுவரில் தண்ணீர் நின்ற கோடு கட்டிலைச் சுற்றி ஓடியது. அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பெயின்ட்காரனைக் கூப்பிட நேரமில்லை. கலியாணப் படங்களில் இன்றும் அந்தக் கோடு இருக்கிறது.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தது. பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து, சப்ரி மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து இறங்கினார். கடற்கரைச் சனம் காய்ந்த செருப்போடு முற்றத்தில் நடந்தது. இவர் வாசலில் நின்று எல்லோருக்கும் முன்பாக அந்த முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையை விடவில்லை மனிதர். பொய்யாய்ப் போன அந்தச் சத்தியத்துக்குப் பரிகாரமாக அடுத்த கிழமை ஏழைகளைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டது வேறு கதை.

மாப்பிள்ளை வீட்டுக்குள் கால் வைக்கமுன், பெண்ணின் தம்பி வாசற்படியில் வைத்துக் கால் கழுவி அழைப்பது எங்கள் வழமை. கழுவுகிறவனுக்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுவார். என் மகன் செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து குனிந்தான். மாப்பிள்ளை காலை நீட்டினார். சனம் எல்லாம் அமைதியாகப் பார்த்தது.

மகன் செம்பைச் சரித்தான். தண்ணீர் கொட்டிய சத்தம் கேட்டது.

நான் சுபைதாவைப் பார்க்கக்கூடாது என்று எவ்வளவோ முயன்றேன். அவளும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அவளுடைய தோள் குலுங்குவதைக் கண்டுவிட்டேன்.

"போதும் மகன்" என்றாள் சுபைதா, வீதிக்கே கேட்கிற அந்தக் கடற்கரைச் சத்தத்தில். "இந்த வீட்டுக்குத் தண்ணி போதும்."

என் மகள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது. அந்த மூன்று நாளில் அவள் அப்போதுதான் சிரித்தாள்.